சூசைமுத்து வீட்டு அடிமனை

சூசைமுத்து அண்ணனை நான்தான் சாகடித்தேன். அவர் அப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்து வேப்பம்பலகை இழைத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காரைக்கால் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. நகல் எடுப்பேன், மனு அடிப்பேன், பத்திரத்தைத் தொலைத்தவர்களுக்குப் பேப்பர் விளம்பரம் எழுதித் தருவேன். பெயர்ப்பலகையில் செல்லக்கண்ணு என்ற என் பெயருக்குக் கீழே 'பிழையின்றிச் செய்து தரப்படும்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அண்ணன் வீட்டு அடிமனைக் குத்தகைப் பத்திரம் காணவில்லை என்று விளம்பரம் தயாரிக்கும்போது, முந்தின மாதம் இறந்துபோன ஒருவருக்காக அடித்ததைத் திறந்து வைத்துக்கொண்டேன். பெயரை மாற்றினேன். தெருவை மாற்றினேன். நான்கெல்லையையும் மாற்றினேன். பெயருக்கு முன்னால் இருந்த 'காலஞ்சென்ற' மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் பொழுது விடிந்ததும் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ நிறைய ஆட்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். அவர்களுடைய படகுகளுக்குக் காலங்காலமாகப் பலகை அடித்துக் கொடுப்பவர் அண்ணன்.

"யாருக்குப்பா மாலை?" என்று அண்ணன் இழைப்புளியை நிறுத்தாமலே கேட்டிருக்கிறார்.

"ஒனக்குத்தாண்ணே. பேப்பர்ல போட்டுருக்கு."

"பேப்பர்லயே போட்டாச்சா? அப்ப சரியாத்தான் இருக்கும்."

நான் மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. மாதா கோயில் உபதேசியார் துக்கமணி அடிக்கலாமா என்று கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். சகாயம்மாள் அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க எமதர்மராசா. காப்பி குடிக்கிறீங்களா, இல்ல அடுத்த வீட்டுக்கு அவசரமா போவணுமா?"

"அண்ணி, ஒரு வார்த்தைதான் தப்பாப் போச்சு..."

"ஒரு வார்த்தைக்கே இந்தக் கூட்டம். ரெண்டு வார்த்தை தப்பாப் போயிருந்தா எனக்கும் சேத்துக் குழி வெட்டியிருப்பாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இருமலாகி, இருமல் மூச்சுத் திணறலாகி, அண்ணன் இழைப்புளியைப் போட்டுவிட்டு எழுந்து வந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள்.

வீட்டை விற்கும் பேச்சு வந்ததே இந்த மூச்சினால்தான். அண்ணிக்கு இதய வால்வு பழுது. அண்ணியே அதைச் சொல்லும் விதம் வேறு. "ஊருக்கெல்லாம் கதவு மாட்டுறவரு. சொந்தப் பொண்டாட்டிக்கு நெஞ்சுக்குள்ள கதவு சாத்த மாட்டேங்குதாம். அத மட்டும் இழைக்கத் தெரியல." பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில் வரிசை நீளம், முறை எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை. தனியாரில் உடனே செய்துவிடலாம். அதற்கு விற்பதற்கு அவர்களிடம் இருந்தது அந்த வீடு ஒன்றுதான். ஒரே மகள் டெல்பின் பிள்ளைகுட்டியோடு கோயம்புத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறாள். தினமும் போன் பண்ணி அழுவாள். அதற்கு மேல் அவளிடமும் எதுவும் இல்லை.

வீடு அண்ணனுடையது, வீடு நிற்கும் தரை அண்ணனுடையதல்ல. எங்கள் பக்கத்தில் இது புதுமையுமல்ல. தரை விழிதியூர் தெட்சிணாமூர்த்தி குடும்பத்தைச் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் நொத்தேர் என்ற பத்திர அதிகாரி முன்னால் எழுதிய முதல் குத்தகை எப்போதோ காலாவதியாகிவிட்டது. அதற்குப் பிறகு அண்ணனின் அப்பா ஆரோக்கியஜோசப்பும் தெட்சிணாமூர்த்தியின் அப்பாவும் இன்னொரு நீண்ட காலத்துக்கு அதைப் புதுப்பித்தார்கள் என்று வீட்டில் பேச்சு. அந்தப் பத்திரத்தைத்தான் காணோம். பதிவு அலுவலகத்தில் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. பதியாமல் கையெழுத்தோடு விட்டிருப்பார்கள், அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தானே என்று நான்தான் சமாதானம் சொன்னேன். சமாதானம் சொல்வதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.

வாடகை கொடுத்த ரசீதாவது உண்டா என்றால், அதுவும் கிடையாது. தை பிறப்பதற்கு முன்னால் அண்ணன் உளியும் ரம்பமும் எடுத்துக்கொண்டு விழிதியூர் போவார். அந்த வீட்டில் ஒரு வருஷமாகக் கோணிக்கொண்டிருக்கும் கதவு, கீல் விட்ட ஜன்னல், மூடி பெயர்ந்த நெல் பத்தாயம் எல்லாவற்றையும் சீர் பண்ணிக் கொடுத்துவிட்டு, ஒரு மூட்டை அரிசியோடும் ஒரு கட்டுக் கரும்போடும் திரும்புவார். அப்பா காலத்திலிருந்து தரை வாடகை அதுதான். இழைத்த கதவு ரசீது எழுதித் தராது.

மாலையோடு வந்த கூட்டம் அன்றைக்குக் கலைந்து, நான் ஒருவழியாகக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் தெட்சிணாமூர்த்தி வந்தார். வெள்ளை வேட்டியில் பஸ் தெறித்த சேறு, கையில் வாழையிலையில் சுற்றிய ரோஜா மாலை. அந்த வீட்டில் யார் இறந்தாலும் விழிதியூரிலிருந்து ஒருவர் வந்து நிற்பது வழக்கம். வாசலில் செருப்பைக் கழற்றியவர் தலையை நிமிர்த்தினார். எதிரில் சூசைமுத்து அண்ணன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

வந்தவர் கையிலிருந்த மாலை மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது.

"நல்லா இருக்கீங்கள்ல?" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"இருக்கேங்க. காலைலேருந்து எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க."

என்னைக் கைகாட்டி அண்ணி விவரம் சொன்னார். அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் முன்னும் பின்னும் மாற்றிப் பிடித்தார். கடைசியில் சுவரில் இருந்த மாதா படத்துக்கு அதைப் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு உட்கார்ந்து காப்பியை ஆற்றினார். ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டேயிருந்தார்.

"பத்திரம் காணோம்னு போட்டுருந்துச்சே?"

"ஆமாங்க," என்றார் அண்ணன். "எங்கப்பாரு வச்ச எடந்தான் தெரியல. ஒங்க வீட்டுலயும் ஒரு பிரதி இருக்கும்ல?"

"தேடிப் பாருங்க," என்றார் அவர். "நல்லாத் தேடிப் பாருங்க. அவசரப்பட வேணாம்."

அவருடைய வீட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பதில் அண்ணன் வீட்டைப் பற்றியதாக இருந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனிப்பதில் நான் சூரன். என்ன அர்த்தம் என்று கண்டுபிடிப்பதில்தான் கோட்டை விடுவேன். தரைக்காரருக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது, பத்திரம் இல்லையென்று தெரிந்ததும் தரையை அமுக்கப் பார்க்கிறார் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டை வாங்க இருந்தவர் பின்தெரு நஜீபா. கணவர் நஸ்ருதீன் சிங்கப்பூரில். இரண்டு பெண்பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருந்து சலித்துப்போனவர். மறுநாள் என் கடைக்கு வந்து, "மவுத்தானவரு கையெழுத்துப் போட்டா செல்லுமான்னு எங்க வக்கீலக் கேக்கணும்ணே," என்று தொடங்கினார். நான் அசடு வழிந்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"அசலு இல்லாட்டியும் பரவால்லங்குறாரு வக்கீலு. போலீசுல 'தேடியும் கெடைக்கல'ன்னு ஒரு சான்று வாங்கணும். அப்பறம் அந்த விழிதியூர்க்காரரு, 'ஆமா, நாங்க இத்தன வருஷத்துக்குக் குத்தகை எழுதிக் குடுத்தோம், நஜீபா பேருக்கு மாத்த சம்மதம்'னு கையெழுத்துப் போட்டு ஒரு தாளு. அது போதும். சகாயம் அக்காவுக்கு நல்லபடியா ஆவணும்ணே. எனக்கும் தலைக்கு மேல ஒரு கூரை ஆவணும்."

ஸ்டேஷனில் எழுத்தர் கேட்டார்: "பத்திரத்தக் கடைசியா எப்ப பாத்தீங்க?"

"நான் பாத்ததில்லீங்க," என்றார் அண்ணன். "எங்கப்பாரு பாத்துருப்பாரு."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பீரோவுல இருந்துதுங்க. புயலுக்கு வீடு ஒழுகுனப்ப சாமானெல்லாம் மாத்தி வச்சாங்க. அப்பத்தான் தவறியிருக்கு," என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அண்ணன் என்னை வியப்போடு பார்த்தார். அவர் வீட்டில் நடந்தது அவருக்கே தெரியாமல் எனக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்திருப்பார்.

அடுத்த வாரம் அண்ணனும் நானும் விழிதியூர் போனோம். தைக்கு இன்னும் நாளிருந்தது. ஆனாலும் அண்ணன் கருவிப் பையை எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார். "வெறுங்கையோட அந்த வீட்டுக்குப் போய்ப் பழக்கமில்ல தம்பி."

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. குறுவை அறுப்பு முடிந்தும் முடியாமலும் கிடந்தது. ரோட்டின் ஒரு பாதி முழுக்க நெல்லைப் பரப்பியிருந்தார்கள். மறுபாதியில் பஸ் வந்தால் நாங்கள் நெல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒடுங்க வேண்டியிருந்தது. தெட்சிணாமூர்த்தி வீட்டு வாசல் கதவு மழையில் ஊறி உப்பி நிலையில் பொருந்தாமல் நின்றது. அதைப் பார்த்ததும் அண்ணன் வந்த காரியத்தையே மறந்துவிட்டார். கதவைக் கழற்றிச் சாய்த்து, அடிவிளிம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சீவ ஆரம்பித்தார். ஈரமரத்தின் சீவல் சுருண்டு சுருண்டு விழுந்தது. பேச வேண்டியவன் நான் என்றாகிவிட்டது.

"ஒரு கையெழுத்து விஷயமா வந்தோங்க."

"தெரியும் தெரியும். இந்த வருஷம் கதிரு நல்லாத்தான் புடிச்சிச்சு. மழ கெடுத்துருச்சு. கொள்முதல்ல ஈரம் ஈரம்னு திருப்பி அனுப்புறான்."

"நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"மொதல்ல சாப்புடுங்க."

அவர் மனைவி சொர்ணாம்பாள் புது அரிசிச் சோறும் மோர்க்குழம்பும் வாழைப்பூ வடையும் பரிமாறினார். புது அரிசி குழைந்து கையில் ஒட்டியது. நான் வாயைத் திறந்தபோதெல்லாம் இலையில் ஏதாவது விழுந்தது.

"ஒங்க பிரதி இருக்காங்க?"

"கொஞ்சம் மோரு ஊத்திக்கிங்க."

"இல்ல, இருக்கா இல்லியான்னு..."

"செல்லக்கண்ணுங்குறது ஒங்க அம்மா வச்ச பேரா, அப்பா வச்ச பேரா?"

நாங்கள் கை கழுவும்போது மகன் நவநீதன் பைக்கில் வந்து நின்றார். திருநள்ளாற்றில் லாட்ஜ் நடத்துகிறவர். சனிக்கிழமைக் கூட்டத்தை நம்பிப் பிழைப்பவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அண்ணனைப் பார்த்து, "பத்திரம் கெடச்சிதா?" என்றார்.

"தேடிக்கிட்டிருக்கோம் தம்பி."

"தேடுங்க, தேடுங்க. டவுனுக்கு நடுவுல அப்புடி ஒரு எடம் கெடைக்குமா? பாத்து வச்சுக்க வேணாமா?"

தெட்சிணாமூர்த்தி அண்டாவில் இருந்த தண்ணீரை எடுத்துத் தேவையில்லாமல் இன்னொரு முறை கை கழுவினார்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் நகத்தில் ஏறிய மரத்தூளை நோண்டிக்கொண்டே வந்தார். காரைக்கால் நெருங்கும்போது, "கதவு இப்ப நல்லா சாத்துது," என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு போனில்தான். கூப்பிட்டால் தெட்சிணாமூர்த்தி எடுப்பார், எடுக்காமல் இருக்கும் மனிதரில்லை. எடுத்ததும் அண்ணி உடம்பை விசாரிப்பார். மருந்து சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, கால் வீக்கம் வற்றியதா என்று ஒரு டாக்டர் கேட்பதுபோல் கேட்பார். கையெழுத்து என்றதும் மழை, நடவு, உரம் என்று போய்விடுவார். இவ்வளவு அன்பாக ஒருவர் தரையைத் திருடுவதை நான் அதுவரை பார்த்ததில்லை.

அண்ணி வருஷக்கணக்காகக் காலையில் வாசலில் அடுப்பைப் போட்டு ஆப்பம் சுட்டு விற்றுவந்தவர். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட, அண்ணன் மாவைக் கலக்கினார். மரம் தொட்ட கை மாவுக்கு வசப்படவில்லை. ஆப்பம் நடுவில் கல்லாகவும் ஓரத்தில் கரியாகவும் வந்தது. தெருக்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப்போனார்கள்.

"தேங்காப்பால ஊத்துங்கன்னா வார்னிஷ் அடிக்கிற மாதிரி தடவுறாரு பாருங்க," என்றார் அண்ணி. அதைச் சொல்லி முடிக்க அவர் இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. கணுக்கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. பிறகு அண்ணன் உள்ளே போன நேரம் பார்த்து என்னைக் கேட்டார். "விழிதியூரு என்னாங்க சொல்லுது?"

"சொல்லுவாருங்க அண்ணி. நல்ல மனுசன்தான். நடவு முடியட்டும்னு பாக்குறாரு போல."

"நான் கேட்டது போடுவாரா மாட்டாரான்னு."

"நீங்க ஒடம்பப் பாத்துக்கிங்க. மருந்து ஒழுங்கா சாப்புடுறீங்களா?"

அண்ணி என்னைக் கூர்ந்து பார்த்தார். "நீங்களும் விழிதியூர்க்காரரு மாதிரியே பேச ஆரம்பிச்சிட்டீங்க. ஆம்பளைங்க எல்லாரும் சேந்து என்னைய ஏமாத்துறீங்க. போடலன்னா போடலன்னு சொல்லிட்டா நான் அந்தப் பெரியாஸ்பத்திரி வரிசையில போயி உக்காந்துக்குவேன்ல. எதுன்னு தெரியாம கெடக்குறதுதான் மூச்ச முட்டுது."

நான் ஆப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அது சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தனியாக விழிதியூர் போனேன். இறங்கும்போதே தெற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. ரோட்டில் தெட்சிணாமூர்த்தியும் சொர்ணாம்பாளும் மட்டும் நெல்லைப் பலகையால் தள்ளிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். கூலியாட்கள் நடவுக்குப் போய்விட்டார்கள். என்னைப் பார்த்ததும் அவர் நலம் விசாரிக்கவில்லை, அதற்கு நேரமில்லை.

"அந்தப் பக்கம் தார்ப்பாயப் புடிங்க!"

பிடித்தேன். காற்று அதை என்னோடு சேர்த்துத் தூக்கப் பார்த்தது. எழுத்து வேலை செய்யும் கையின் பலம் எவ்வளவு என்று அந்தத் தார்ப்பாய்க்கு ஒரே இழுப்பில் தெரிந்துவிட்டது. ஓரங்களில் கல் வைத்தோம். விட்டுப்போன நெல்லைக் கூடையில் அள்ளி உள்ளே கொட்டினோம். மழை வந்தபோது குவியல் மூடியிருந்தது; நாங்கள் மூவரும் மூடியில்லாமல் நனைந்தோம். சொர்ணாம்பாள் காப்பி போடுவதற்கு வீட்டுக்கு ஓடினார். நானும் அவரும் சாலையோரம் நின்ற டிராக்டர் டிரெய்லருக்கு அடியில் குந்திக்கொண்டோம். ஓடுவதற்கு அவருக்கு வேறு இடமில்லை.

"நேராவே கேக்குறேங்க," என்றேன். "மழையப் பத்திப் பேசாதீங்க, அதான் பேஞ்சிக்கிட்டிருக்குல்ல. கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா? எடம் ஒங்களுக்கு வேணும்னா வேணும்னு சொல்லிடுங்க. அந்தம்மா மூச்சுக்குத் தவிக்குது."

அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்த நெல்லை ஒவ்வொன்றாக எடுத்துத் தார்ப்பாய்க்குள் போட்டார்.

"அந்தப் பத்திரம் காணாமப் போகலீங்க," என்றார். "எழுதவே இல்ல."

மழை டிரெய்லர் தகரத்தில் விழும் சத்தத்தில் சரியாகத்தான் கேட்டேனா என்று பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"எங்கப்பாவும் ஜோசப்பும் பேசி முடிச்சது உண்மை. பத்திரம் எழுத நாந்தான் ரெண்டு பேரையும் புல்லட்டுல ஏத்திக்கிட்டு அலையறதா இருந்துச்சு. அப்ப திருநள்ளாத்துல சனிப்பெயர்ச்சி வந்துச்சு. அது கழியட்டும்னாரு எங்கப்பா. கழிஞ்சா மார்கழி, தை பொறக்கட்டும்னாரு. தையில கேட்டா அறுப்பு. மாசி பொறந்ததும் நம்ம ஜோசப்பு, எங்களுக்குத் தவக்காலம் வருதுங்க, ஈஸ்டர் பாஸ்கு முடியட்டும்னாரு. எங்கப்பா ஆகா, ஒங்க நாளும் பாக்கணும்ல, முடியட்டும்னாரு. பாஸ்கு முடிஞ்சா கத்திரி வெயிலு. அப்பறம் ஆடி. இவரு நாள அவரு மதிச்சாரு, அவரு நாள இவரு மதிச்சாரு. அடுத்த ஐப்பசியில ஜோசப்பு போயிச் சேந்துட்டாரு. எங்கப்பா அதுக்கப்பறம் அதப் பத்தி வாயத் தொறக்கல. பேசியாச்சு, அவ்வளவுதான்னுட்டாரு."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்க!"

"யாருகிட்ட சொல்றது? காணோம்னா தேடிக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம். தேடிக்கிட்டிருக்கறவங்கள எடத்த விட்டு எந்திரின்னு யாராலயும் சொல்ல முடியாது. எழுதவே இல்லன்னு தெரிஞ்சா, நவநீதன் மறுநாளே வக்கீலக் கூட்டிக்கிட்டுப் போயி வாசல்ல நிப்பான். அங்க ஒரு லாட்ஜ் கட்டணும்னு ரெண்டு வருஷமாக் கண்ணு. சூசைமுத்துக்கு இது தெரிஞ்சா அவரு வாய்ல நிக்குமா? போலீசுல கேட்டாலே, பாத்ததில்லன்னு சொல்ற மனுசன்."

அது வரைக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஊரில் எல்லாச் செய்தியும் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. இத்தனை நாளும் இந்த மனிதரைத் திருடன் என்று மனசுக்குள் ஏசியபடி அவர் வீட்டு வாழைப்பூ வடையை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் நான்.

"இப்பப் புதுசா எழுதிடலாமேங்க. ஒங்க அப்பா பேசுனதுதானே."

"எடத்துல பாதி நவநீதன் பேர்ல இருக்கு. அவன் போட மாட்டான். காணாமப் போனதுக்குப் பதிலா ஒண்ணு எழுதலாம்னு கேட்டுப் பாத்துட்டேன். கேட்ட அன்னையிலேருந்து வீட்டுல சாப்புடுறதில்ல."

"அப்ப அந்த நஜீபாம்மா கேட்ட தாளு. எழுதுனோம், தவறிப்போச்சுன்னு ஒரே ஒரு வரி. நீங்க மட்டும் போட்டாப் போதும். வாசகம் நான் எழுதித் தர்றேன்."

பொய்க்கு வாசகம் எழுதித் தருவதாக நானே சொன்னது என் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும். வேட்டி நுனியைப் பிழிந்தார். சொர்ணாம்பாள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தூக்குவாளியோடு வருவது தூரத்தில் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"இல்லாதத இருந்துச்சுன்னு நான் எழுதுனா, அத நம்பி அந்த நஜீபாம்மா வாங்கும். நாளைக்கு எம்மவனே அதப் பொய்யின்னு நிரூபிச்சு, ரெண்டு பொம்பளப் புள்ளைங்களோட அந்தம்மாவ வெரட்டுவான். மாட்டேங்க. கையெழுத்துப் போட மாட்டேன். நான் இருக்கற வரைக்கும் சூசைமுத்த அந்த வீட்ட விட்டு யாரும் அசைக்க முடியாது. ஆனா விக்க முடியாதுங்க. இத சூசைமுத்து வீட்டம்மாகிட்ட நாளைக்கு நானே வந்து சொல்றேன். நீங்க சொல்ல வேணாம்."